ஒரு கிதாரில் ஏன் முடியாது?

அமெரிக்க ராக் குழுவான ஆல்மன் பிரதர்ஸ் பேண்டின் ‘ராம்ப்ளின் மேன்’ பாட்டில் குரல் ஓய்ந்த பிறகுதான் என்னைக் கட்டிப்போடும் பகுதி வருகிறது. டிக்கி பெட்ஸும் லெஸ் டூடெக்கும் ஒரே மெட்டை வெவ்வேறு உயரங்களில் இணைத்து வாசித்துக்கொண்டே போகிறார்கள். அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ்’ ஆல்பம் 1973இல் வெளிவந்து, அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் ஐந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

துக்கத்தில் பிறந்த ஆல்பம் அது. பெட்ஸோடு சேர்ந்து இரட்டைக் கிதாரை இக்குழுவின் அடையாளமாக்கிய டுவேன் ஆல்மன், 1971 அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். அதே ஊரில் ஆல்பத்தின் ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்தபோது, 1972 நவம்பரில், பேஸ் கிதார் வாசித்த பெரி ஓக்லியும் அதேபோல் மறைந்தார். அதற்கு முன்பே அவர் வாசித்து முடித்திருந்த இரண்டு பாட்டுகளில் ‘ராம்ப்ளின் மேன்’ ஒன்று.

கிதாரில் ஆறு தந்திகள் இருக்கின்றன. இரண்டு சுரங்களையும் ஒருவரே சேர்த்து மீட்டலாமே, இரண்டு பேர் எதற்கு? விடை விரலில் இல்லை, ஆம்ப்ளிஃபயரில் இருக்கிறது.

வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் முடுக்கினால், அலையின் உச்சிகள் மழுங்கிவிடும். ஒரே ஒரு சுரம் உள்ளே போனால் இது நன்மையே: 440 ஹெர்ட்ஸ் சுரத்தோடு 880, 1,320 என்று அதன் மடங்குகள் வலுப்பெற்று, ஒலி தடித்து நீள்கிறது. இரண்டு சுரங்கள் ஒன்றாகப் போனால் கதை வேறு. மழுங்கும் உச்சி இரண்டுக்கும் பொது என்பதால் ஒன்று மற்றொன்றைச் சிதைக்கிறது. இரண்டு அதிர்வெண்களின் கூட்டுத்தொகையிலும் வித்தியாசத்திலும், யாரும் வாசிக்காத புதிய சுரங்கள் முளைக்கின்றன.

சட்ஜத்தை 440 ஹெர்ட்ஸில் வைத்துக்கொள்வோம். அதற்கு மேலுள்ள அந்தர காந்தாரம் 5:4 என்ற விகிதத்தில் 550 ஆக இருக்க வேண்டும். தம்புராவில் யாரும் மீட்டாமலே கேட்கும் காந்தாரம் இந்த விகிதத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் கிதாரின் கழுத்தில் விரல் வைக்கும் இடங்களைக் குறிக்கும் கட்டைகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்துப் பதிக்கப்பட்டவை. அங்கே அது சுமார் 554. இரண்டையும் ஒரே ஆம்ப்ளிஃபயருக்குள் விட்டால் 114 ஹெர்ட்ஸில் ஒரு வித்தியாச ஒலி எழும். சரியான சட்ஜம் இரண்டு ஸ்தாயி கீழே 110இல் இருக்கிறது. சேற்றில் கால் வைத்தது போன்ற அந்தக் கலங்கல், இப்படிச் சுருதி விலகி அடியில் உறுமும் ஒலிகளால்தான் வருகிறது. சட்ஜமும் பஞ்சமமும் தப்பிவிடுகின்றன: பஞ்சமத்தின் 659இலிருந்து 440 போக மிச்சம் 219, ஏறத்தாழ 220இல் உள்ள கீழ் சட்ஜமே. ராக் கிதார் கலைஞர்கள் ஒலியை எவ்வளவு கரகரப்பாக்கினாலும் இந்த இரண்டு சுரங்களை மட்டும் துணிந்து சேர்த்து அடிப்பது இதனால்தான்.

இரண்டு கலைஞர்கள், ஆளுக்கொரு ஆம்ப்ளிஃபயர் என்று வந்துவிட்டால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சுரம்தான் போகிறது. தடிமன் கிடைக்கிறது, கலங்கல் இல்லை. பிறகு காற்றிலோ ஒலிப்பதிவுக் கூடத்தின் கலவை மேசையிலோ அவை சேரும்போது நடப்பது வெறும் கூட்டல். கூட்டலில் புதிய அதிர்வெண் பிறப்பதில்லை. 550க்குப் பதில் 554 ஆக ஒலிக்கும் சிறு பிசகு அப்போதும் இருக்கும். ஆனால் தேர்ந்த விரல் தந்தியைச் சற்றே தள்ளியும் அசைத்தும் அதை உறுத்தாமல் செய்துவிடும். பியானோவுக்கு அந்த வசதி இல்லை.

ஹெட்போனில் அந்தக் கடைசிப் பகுதியை ஒருமுறை கேளுங்கள். மேலே போகும் மெட்டை விட்டுவிட்டு, கீழ்க் கிதாரை மட்டும் காதால் பிடித்துத் தொடருங்கள். அது எங்கும் மங்குவதில்லை.