சமோதெர்ஜாவியே: எதேச்சாதிகாரமா, தனிக்கோலாட்சியா?

ரஷ்யப் புரட்சியைப் பற்றித் தமிழில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதல் சில பக்கங்களுக்குள் ஒரு சொல் வந்துவிடும்: எதேச்சாதிகாரம். சில இடங்களில் எதேச்சதிகாரம் என்று குறிலாகவும் அச்சாகிறது. ஜார் ஆட்சியைக் கண்டிப்பதற்காக அதன் எதிரிகள் வைத்த பெயர் இது என்றே பல காலம் நினைத்திருந்தேன். ரஷ்ய மூலத்தில் அங்கே இருக்கும் சொல் 'சமோதெர்ஜாவியே'. அது எதிரிகள் வைத்த பெயர் இல்லை. அரசர்கள் தங்களுக்குத் தாங்களே, பெருமையோடு, சட்டத்திலும் ஆணையிலும் எழுதிக்கொண்ட பெயர். ஆள்பவரின் பட்டத்தை ஆளப்படுபவரின் புகாராக மொழிபெயர்த்தால் வரலாற்றில் பாதி கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். 'சமோ' என்றால் தான், தானே. 'தெர்ஜாத்' என்றால் பிடித்தல், கையில் வைத்திருத்தல். தானே பிடித்திருப்பவர் 'சமோதெர்ஜெத்ஸ்'. அவருடைய ஆட்சி சமோதெர்ஜாவியே. இது ரஷ்யர்கள் புதிதாக யோசித்துச் செய்த சொல்லும் இல்லை. பைசாந்தியப் பேரரசர்கள் சூடியிருந்த 'ஆட்டோக்ரேட்டர்' என்ற கிரேக்கப் பட்டத்தை உறுப்புக்கு உறுப்பு பெயர்த்தது. கிரேக்கத்தில் 'ஆட்டோஸ்' தான், 'கிராட்டோஸ்' வலிமை.

ரஷ்யச் சொல்லில் ஒரு நயம் கூடுதலாக உண்டு. 'தெர்ஜாவா' என்றால் அதிகாரம், அரசு. அதே சொல்தான் முடிசூட்டு விழாவில் அரசர் கையில் ஏந்தும், மேலே சிலுவை வைத்த பொன் உருண்டைக்கும் பெயர். கையில் பிடிக்கும் பொருளே ஆட்சிக்குப் பெயராக நிற்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தமிழ்ச் சொல் தேடும்போது கைகொடுக்கும்.

பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் மாஸ்கோவின் மூன்றாம் இவான் இந்தப் பட்டத்தைச் சூடிக்கொண்டபோது அதற்குப் பொருள் வேறு. அதுவரை மாஸ்கோ, மங்கோலியர் வழிவந்த தங்கக் கூட்டத்துக்குத் திறை கட்டிக்கொண்டிருந்தது. 'என் நாட்டை நானே பிடித்திருக்கிறேன், எவன் தயவிலும் இல்லை' என்பதுதான் அன்றைய சமோதெர்ஜெத்ஸ். வெளியிலிருக்கும் மேலாளுக்குச் சொன்ன பதில் அது. உள்நாட்டுக் குடிகளுக்கு விடுத்த மிரட்டல் இல்லை. நம் புறநானூற்றின் எட்டாம் பாட்டு சேர மன்னன் ஒருவனைப் 'பொதுச்சொல் பொறாஅது' என்று பாடுகிறது. இந்த நிலம் பிறருக்கும் பொது என்ற சொல்லைக்கூடப் பொறுக்காதவன். இவானின் பட்டத்துக்கு இதைவிட நெருக்கமான உரை எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம் பொருள் உள்பக்கமாகத் திரும்பியது. முதலாம் பீட்டரின் 1716ஆம் ஆண்டுப் படைச்சட்டம், தன் செயல்களுக்கு உலகில் எவருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாதவர் மன்னர் என்று விளக்கம் தருகிறது. 1832இல் தொகுக்கப்பட்ட அடிப்படைச் சட்டங்களின் முதல் பிரிவு, அனைத்து ரஷ்யாவின் பேரரசர் 'சமோதெர்ஜாவ்னி' (அதே சொல்லின் அடைமொழி வடிவம்) ஆகவும் வரம்பற்றவராகவும் உள்ள முடியரசர் என்றது. அச்சத்தால் மட்டுமன்றி மனச்சாட்சியாலும் அவருக்குக் கீழ்ப்படியும்படி கடவுளே கட்டளையிடுவதாகவும் சேர்த்துக்கொண்டது. இங்கே அடைமொழிகள் இரண்டு இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். 1906க்கு வரும்போது இது பெரிய விஷயமாகிவிடும்.

'ஜார்' என்ற சொல்லையும் இங்கேயே முடித்துவிடலாம். ரோமானிய சீசரின் பெயர் ஸ்லாவிய வாயில் தேய்ந்து அப்படி ஆனது. ஆனால் 1721 முதல் ரஷ்ய அரசரின் முதன்மைப் பட்டம் ஜார் அன்று, 'பேரரசரும் சமோதெர்ஜெத்ஸும்' என்பதே. நீளமான அந்தப் பட்டவரிசையில் கசான், அஸ்திரகான், சைபீரியா போன்ற நாடுகளுக்கு மட்டும் ஜார் என்று வரும். மக்கள் பேச்சில் என்னவோ கடைசிவரை ஜார்தான்.

இனி இரண்டாம் அலெக்சாந்தர். 1861இல் பண்ணையடிமை முறையை ஒழித்தவர். நிலவுடைமையாளர் பிடியிலிருந்து இரண்டு கோடிக்கு மேற்பட்ட குடியானவர்கள் விடுபட்டார்கள். ஆனால் கிடைத்த நிலத்துக்கு 49 ஆண்டுத் தவணையில் மீட்புப்பணம் கட்டும்படி ஆயிற்று. 1864இல் ஜூரிகள் அமரும் நீதிமன்றங்கள் வந்தன. அதே ஆண்டில் 'செம்ஸ்த்வோ' என்ற வட்டார மன்றங்களும் வந்தன. பள்ளி, மருத்துவம், சாலை ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. இதற்கு ரஷ்யர் வைத்த பெயர் 'சமோஉப்ரவ்லேனியே'. தானே நிர்வகித்தல். அதே 'சமோ'! ஒரே அரசர் ஒரு கையால் குடிகளுக்கு ஒரு 'தான்' கொடுத்தார், மறு கையில் தன்னுடைய 'தான்' என்பதை விடாமல் பிடித்துக்கொண்டார். இந்த இரண்டு 'தான்'களும் எங்கே முட்டிக்கொள்ளும் என்பதுதான் அடுத்த ஐம்பது ஆண்டுக் கதை.

மொழிபெயர்ப்பவருக்கு ஒரு குழி இங்கே இருக்கிறது. சமோதெர்ஜாவியேவை நேராகத் தமிழாக்கினால் 'தன்னாட்சி' என்று வந்து நிற்கும். ஆனால் இன்றைய தமிழில் தன்னாட்சி என்பது மாநிலமோ கல்லூரியோ பெறுகிற உரிமை. செம்ஸ்த்வோவுக்குப் பொருந்துமே தவிர ஜாருக்குப் பொருந்தாது.

1881 மார்ச் 1, பழைய ரஷ்ய நாள்காட்டிப்படி. அன்று காலை, சட்ட வரைவுகளைப் பரிசீலிக்கும் குழுக்களில் தேர்ந்தெடுக்கப்பட்டோரையும் சேர்க்கும், உள்துறை அமைச்சர் லோரிஸ் மெலிக்கோவின் திட்டத்துக்கு அலெக்சாந்தர் இசைவு தந்தார். பிற்பகலில் பீட்டர்ஸ்பர்க்கின் கால்வாய்க்கரையில் 'நரோத்னயா வோல்யா' (மக்கள் விருப்பம்) என்ற புரட்சி இயக்கத்தினர் வீசிய குண்டில் உயிரிழந்தார். மகன் மூன்றாம் அலெக்சாந்தர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். ஏப்ரல் 29ஆம் நாள், அவருடைய ஆசிரியராயிருந்த பொபெதோனோஸ்த்செவ் எழுதிய அறிக்கை வெளிவந்தது. சமோதெர்ஜாவியே என்ற புனிதக் கடமையைக் கடவுள் 'நம்மேல்' சுமத்தினார் என்று அதில் ஒரு தொடர். ரஷ்ய மொழியில் 'அ ந நாஸ்', அதாவது 'நம்மேலோ' என்று தொடங்கும் இடம், சேர்த்து வாசித்தால் 'அனனாஸ்' ஆகிவிடுகிறது. அனனாஸ் என்றால் அன்னாசிப் பழம். தமிழுக்குப் போர்ச்சுகீசியர் வழியே வந்த அதே பெயர்தான். நம்பிக்கையெல்லாம் ஒரே நாளில் உடைந்துபோன படித்த கூட்டம் அதற்கு 'அன்னாசி அறிக்கை' என்றே பெயர் வைத்துவிட்டது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள் வந்த பாதுகாப்புச் சட்டத்தில் பழத்தின் இனிப்பெல்லாம் கிடையாது. மூன்றாண்டுக்குத் 'தற்காலிகம்' என்று வந்தது. புதுப்பித்துப் புதுப்பித்து 1917 வரை உயிரோடு இருந்தது. அது நடப்பிலிருந்த மாகாணத்தில் ஆளுநர் தானே ஒரு கட்டாய ஆணை போடலாம். மீறியவரை நீதிமன்றம் போகாமலே மூன்று மாதம் அடைக்கலாம், 500 ரூபிள் வரை அபராதம் போடலாம். கூட்டத்தைத் தடுக்கலாம், கடையை மூடலாம், ஆளை மாகாணத்தை விட்டே துரத்தலாம். இதையெல்லாம் குறிக்க ரஷ்ய மொழியில் தனிச்சொல் இருக்கிறது: 'புரொயிஸ்வோல்'. அதனுள்ளே இருக்கும் 'வோல்', விருப்பம் என்று பொருள்படும் வோல்யா. தோன்றியபடி செய்வது. நம் எதேச்சையும் அப்படியே: யதா, இச்சை, இச்சைப்படி. எதேச்சாதிகாரத்துக்கு ரஷ்ய மொழியில் உண்மையான இணை புரொயிஸ்வோல்தான். வேரோடு வேர் பொருந்துகிறது.

இரண்டு சொற்களும் வெவ்வேறு வாய்களிலிருந்து வருவதைக் கேட்டால் வேறுபாடு தெளிவாகும். 1895 ஜனவரி 17, புதிதாகப் பட்டமேற்ற இரண்டாம் நிக்கோலாய் செம்ஸ்த்வோ முதலியவற்றின் பிரதிநிதிகளைச் சந்தித்தார். உள்நாட்டு ஆட்சியில் செம்ஸ்த்வோக்களுக்குப் பங்கு என்பது 'அர்த்தமற்ற கனவு' என்றார். மறைந்த தந்தை காத்ததைப் போலவே தானும் சமோதெர்ஜாவியேவை உறுதியாகக் காப்பேன் என்றார். எதேச்சாதிகாரம் என்று போட்டு இதைத் தமிழாக்கிப் பாருங்கள். 'மனம்போன போக்கில் ஆள்வதைக் காப்பேன்' என்று எந்த அரசன் சபையில் சொல்வான்? அவர் மனசில் அது ஒரு பரம்பரை ஒப்படைப்பு. 1897ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொழில் என்ற இடத்தில் 'ரஷ்ய மண்ணின் ஹஸ்யாயின்' என்று எழுதினார். ஹஸ்யாயின் என்றால் வீட்டுக்காரர், சொத்துக்கு உரியவர். சோழர் கல்வெட்டில் அரசரைக் குறிக்க வருமே 'உடையார்', அதே கருத்து.

மறுபக்கத்துக் குரல் 1905 ஜனவரி 9ஆம் நாளது. பாதிரியார் கப்போன் தலைமையில் பீட்டர்ஸ்பர்க் தொழிலாளர்கள் குடும்பத்தோடு, திருவுருவங்களையும் ஜாரின் படங்களையும் ஏந்தி, குளிர்கால அரண்மனை நோக்கி நடந்தார்கள். கொண்டுபோன விண்ணப்பத்தில் ஒரு வரி, கொடுங்கோன்மையும் புரொயிஸ்வோலும் எங்கள் குரல்வளையை நெரிக்கின்றன, மூச்சு முட்டுகிறது என்கிறது. அவர்கள் முறையிட்டது புரொயிஸ்வோலைப் பற்றி, முறையிட்டது ஜாரிடமே. ஜார் நகரிலேயே இல்லை. படையினர் சுட்டதில் அரசின் சொந்தக் கணக்குப்படியே நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குச் சில ஆண்டு முன்பே மாணவர் ஊர்வலங்களில் கேட்ட 'சமோதெர்ஜாவியே ஒழிக' என்ற முழக்கம் அதன்பின் நாடெங்கும் பரவியது. நெரிக்கும் கையும் நம்பியிருந்த தகப்பனும் ஒன்றே என்று மக்கள் கண்டுகொண்ட நாள் அது. பட்டப்பெயர் வசைச்சொல் ஆனதும் அந்தக் குளிர்காலத்தில்தான்.

அதே ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் ஜார் வெளியிட்ட அறிக்கை, டூமா என்ற தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் எந்தச் சட்டமும் நடப்புக்கு வராது என்று வாக்குக் கொடுத்தது. அப்படியானால் 1832இன் முதல் பிரிவை என்ன செய்வது? 1906 ஏப்ரலில் ஜார்ஸ்கோயே செலோ அரண்மனையில் அமைச்சர்களும் பெரியவர்களும் உட்கார்ந்து வாதிட்டார்கள். நிக்கோலாய்க்கு மனம் வரவில்லை. முன்னோரிடமிருந்து பெற்ற அதிகாரத்தின் எல்லையை மாற்ற எனக்கு அவர்கள் முன்னால் உரிமை உண்டா என்ற எண்ணம் வாட்டுகிறது என்றார். கடைசியில் 'வரம்பற்ற' என்ற ஒரு சொல்லை விட்டுக்கொடுத்தார். 'சமோதெர்ஜாவ்னி'யை விடவில்லை. ஏப்ரல் 23ஆம் நாள் வெளிவந்த நான்காம் பிரிவு, உச்ச சமோதெர்ஜாவ்னி அதிகாரம் பேரரசருக்கு உரியது என்றே இருந்தது. நான்கு நாள் கழித்துக் கூடிய முதல் டூமா 72 நாளில் கலைக்கப்பட்டது. 1907 ஜூன் 3ஆம் நாள் இரண்டாம் டூமாவையும் கலைத்து, தேர்தல் சட்டத்தை டூமாவின் ஒப்புதல் இல்லாமலே மாற்றினார்கள். ஒரு சொல் சட்டத்திலிருந்து போயிற்று, நடப்பிலிருந்து போகவில்லை.

சரி, தமிழில் எதை வைப்பது? சர்வாதிகாரம் பொருந்தாது, பரம்பரையும் முடிசூட்டும் இல்லாமல் அதிகாரத்தைக் கைப்பற்றியவரின் ஆட்சிக்கு அது பழகிவிட்டது. முற்றதிகாரம், வரம்பிலா முடியாட்சி இரண்டும் 'வரம்பற்ற' என்ற மற்ற அடைமொழிக்கு உரியவை. அவற்றை இங்கே போட்டுவிட்டால் 1906இல் எதை நீக்கினார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்று சொல்லவே வழியில்லாமல் போகும். வல்லாட்சி பரவாயில்லை, ஆனால் அதிலும் தீர்ப்பு முந்திக்கொள்கிறது. 1917இல் நிக்கோலாய் வீழ்ந்தபோது பாரதி 'கொடுங்கோலன்' என்று பாடினார். அது தீர்ப்பேதான், கவிஞர் தீர்ப்புச் சொல்லலாம், அந்த நாளில் சொல்லத்தான் வேண்டும்.

பாரதியின் சொல்லிலேயே விடையும் இருக்கிறது. கோல். குறளில் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் அடுத்தடுத்த அதிகாரங்கள். அங்கே அரசன் கையில் பிடிக்கும் கோல், இங்கே ஜார் கையில் ஏந்தும் தெர்ஜாவா. இரண்டும் கைப்பொருளே ஆட்சியானவை. ஆகவே சமோதெர்ஜாவியேவுக்குத் தனிக்கோலாட்சி, சமோதெர்ஜெத்ஸுக்குத் தனிக்கோலர் என்று வைக்கலாம் என்பது என் துணிபு. தனி என்பதில் பிறருக்குப் பங்கில்லை என்ற இவானின் பொருளும், எவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை என்ற பீட்டரின் பொருளும் அடங்கும். கோல் வளைந்ததா நேரானதா என்பதை வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். எதேச்சாதிகாரத்தை ஆளுநரும் காவல் அதிகாரியும் செய்ததற்கு, புரொயிஸ்வோலுக்கு, வைத்துக்கொள்ளலாம்.

அப்போது 1832இன் சட்டம் 'பேரரசர் தனிக்கோலரும் வரம்பற்றவருமான முடியரசர்' என்று வரும். 1906இன் சட்டம் 'உச்சத் தனிக்கோல் அதிகாரம் பேரரசருக்கு உரியது' என்று வரும். 1905க்குப் பின் ஊரெல்லாம் ஒலித்த முழக்கம் இரண்டே சொல்: தனிக்கோல் ஒழிக.