“எக்ஸ்டர்னல்ல இருக்கு சார்”

கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்டுக் கொடுப்பது, அதாவது ரிக்கவரி, என் தொழில். அதற்காக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “வேற எங்கயாவது காப்பி இருக்கா?” என்றுதான். “பேக்கப் எல்லாம் எக்ஸ்டர்னல்ல இருக்கு சார்” என்று சொல்லிக்கொண்டே பையைத் திறந்து, ஓடாமல் போன அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கையே எடுத்து மேஜைமேல் வைப்பார்கள்.

நடந்தது பெரும்பாலும் ஒரே கதைதான். லேப்டாப்பில் இடம் நிறைந்திருக்கும். எல்லாவற்றையும் ‘கட்’ செய்து எக்ஸ்டர்னலில் ‘பேஸ்ட்’ செய்திருப்பார்கள். அன்றிலிருந்து அதற்கு வீட்டில் ‘பேக்கப்’ என்று பெயர் வந்துவிடும். முன்பு லேப்டாப்பில் ஒரு பிரதி இருந்தது. இப்போது எக்ஸ்டர்னலில் ஒரு பிரதி இருக்கிறது. எண்ணிக்கை கூடவே இல்லை. போதாக்குறைக்கு, மேஜையில் கிடந்தது இப்போது பையிலும் பைக்கிலும் அலைகிறது.

ஒரு ஆவணி மாதம், முகூர்த்தங்கள் அடுத்தடுத்து இருந்த நேரம். கல்யாண வீடியோ எடுக்கிற தம்பி ஒருவர் வந்தார். எடிட் செய்துகொண்டிருந்தபோது கேபிள் காலில் மாட்டி, ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் கீழே விழுந்துவிட்டது. மெமரி கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்காக அதற்குள் ஃபார்மெட் செய்து, அதன்மேலேயே ஷூட்டும் முடித்துவிட்டார். டிஸ்க்கைக் காதருகே வைத்துப் பார்த்தேன். டக்... டக்... டக்... என்று சீராக ஒரு சத்தம். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிசையும்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடிபோல் பளபளக்கும் தட்டு சுழல்கிறது. அதைப் படிக்கிற ஹெட் தட்டைத் தொடாமல் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமுடியின் தடிமன் அதைப்போலப் பல ஆயிரம் மடங்கு. விழுந்த அதிர்ச்சியில் ஹெட் கெட்டால் தட்டையே உரசத் தொடங்கிவிடும். அப்போதே கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கொண்டுவந்திருந்தால் ஹெட்டை மாற்றி எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். தம்பி நான்கு லேப்டாப்பில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருந்தார். யாரோ சொன்னார்கள் என்று ஒரு இரவு ஃப்ரீசரில் வேறு வைத்திருந்தார். (தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.) திறந்தபோது தட்டில் கிராமபோன் ரெக்கார்டுபோல வட்ட வட்டமாகக் கீறல். பூச்சு உதிர்ந்த இடத்தில் இருந்ததை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. கீறல் விழாத பகுதிகளிலிருந்து கொஞ்சம் எடுத்தோம்: மாப்பிள்ளை அழைப்பு, பந்தி, மண்டப வாசலில் செருப்புக் குவியல். “தாலி கட்டுற அரை நிமிஷம் மட்டும் கிடைச்சா போதும்ணா” என்று இரண்டு நாள் கடையிலேயே உட்கார்ந்திருந்தார். கிடைக்கவில்லை.

இதுபோன்ற வேலைக்கு ஆகும் செலவில் புது டிஸ்க் மூன்று நான்கு வாங்கிவிடலாம். என் பிழைப்புக்கு எதிராகத்தான் எழுதுகிறேன், சரி.

“நான் கிளவுட்ல வச்சிருக்கேன்” என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூகுள் போட்டோஸ் போன்றவை செய்வது ஒத்திசைவு, அதாவது சிங்க். போனில் அந்த ஆப்பைத் திறந்து ஒரு படத்தை அழித்தால் கிளவுடிலும் அழியும். குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும், அப்புறம் போய்விடும். ‘போன்ல இருந்துதான் அழிச்சேன்’ என்று மூன்று மாதம் கழித்து வருபவர்களுக்கு நான் செய்ய ஒன்றுமில்லை. அதே ஆப்பில் ‘இடத்தைக் காலிசெய்’ என்பதை அழுத்தினால் போனில் உள்ள பிரதி போய், கிளவுடில் இருப்பது மட்டும் மிஞ்சும். மறுபடியும் ஒற்றைப் பிரதி. கிளவுட் என்பதும் எங்கோ ஒரு கட்டடத்தில் ஓடும் டிஸ்க்தானே? 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரத்து அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்து, அரசு ஊழியர்கள் சேமித்துவைத்திருந்த 858 டெராபைட் கோப்புகள் போயின. அவற்றுக்கு வெளியே வேறு பிரதி இல்லை.

கணக்குப்பிள்ளைகள் செய்வது இன்னொரு விதம். டேலி பேக்கப்பை தினமும் ஒழுங்காக எடுப்பார்கள், டி டிரைவில். சி, டி இரண்டும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கில் போட்ட கோடுகள்தான் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சிலர் எக்ஸ்டர்னலிலேயே எடுப்பார்கள், ஆனால் அதை இரவும் பகலும் சொருகியே வைத்திருப்பார்கள். திருட்டு மென்பொருள் வழியாக ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) நுழைந்தால், சொருகியிருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பூட்டும். எடுத்து முடித்ததும் கழற்றிவிடுங்கள்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வந்த பிறகு ஒன்று மாறிவிட்டது. பழைய டிஸ்க்கில் தவறுதலாக அழித்ததை, மேலே எதுவும் எழுதாமல் கொண்டுவந்தால் பெரும்பாலும் எடுத்துக் கொடுத்துவிடுவோம். எஸ்எஸ்டியில் டிரிம் என்கிற வசதி, அழித்த இடத்தைத் தானாகவே சீக்கிரம் சுத்தம் செய்துவிடுகிறது. வேகத்துக்கு அது நல்லது, எங்களுக்கு அங்கே வேலையில்லை.

அப்படியானால் என்னதான் செய்வது? பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கையே நானும் சொல்வேன். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ. கடைசி ஒன்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் எங்களிடம் வந்தவர்களில் சிலரிடம் உண்மையிலேயே இரண்டு பிரதி இருந்தது. கம்ப்யூட்டரும் எக்ஸ்டர்னலும் ஒரே மேஜையில், ஒரே சேற்றில்.

அப்புறம், மாதம் ஒருமுறையாவது பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். பெயர் தெரிவது போதாது, படம் ஓட வேண்டும். பெயர்கள் வரிசையாகத் தெரிந்து, ஒன்றுகூடத் திறக்காத டிஸ்க்குகள் என் அலமாரியில் நிறைய உண்டு.

என் வீட்டுப் படங்கள் கம்ப்யூட்டரில் ஒன்று, கழற்றி வைத்த டிஸ்க்கில் ஒன்று. மூன்றாவது மதுரையில் அக்கா வீட்டு பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது புதிதாக எடுத்த டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு, பழையதை வாங்கி வருவேன். “இதுல என்னடா இருக்கு, ஒவ்வொரு வருஷமும் தூக்கிட்டு வர்ற?” என்று அக்கா போன வருஷமும் கேட்டாள். அவள் கல்யாண வீடியோவும் அதில்தான் இருக்கிறது.