பின்னணிப் பாடகர்: ஒரு சொல்லின் வழித்தடம்

முதலில் எழுத்தைச் சரிசெய்துகொள்வோம். 'பின்னனி' என்று சுவரொட்டியிலும் இணையத்திலும் பலர் எழுதுகிறார்கள், அது பிழை. பின் + அணி = பின்னணி. அணிவகுப்பில் உள்ள அதே 'அணி'தான். படையின் முன்வரிசை முன்னணி, கடைசி வரிசை பின்னணி. பழந்தமிழில் முன்னே செல்லும் படைக்குத் தூசி என்றும், பின்னே வருவதற்குக் கூழை என்றும் பெயர் உண்டு. போர்க்களத்துச் சொல் ஒன்று ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் 'பிளேபேக்' என்பது ஆளைக் குறித்த சொல்லே அல்ல. முன்பே பதிவுசெய்த பாட்டைப் படப்பிடிப்புத் தளத்தில் ஒலிபெருக்கியில் திரும்ப ஓடவிடுவார்கள்; நடிகர் அதற்கு வாயசைப்பார். அந்த 'திரும்ப ஓடவிடுதல்'தான் பிளேபேக். இந்தியாவில் இந்த முறை 1935இல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸில், நிதின் போஸ் இயக்கிய படத்தில் வேரூன்றியது. வங்காளியில் 'பாக்ய சக்ரா', இந்தியில் 'தூப் சாவோன்', இசை ஆர். சி. போரால். தமிழில் 1938இல் வந்த 'நந்தகுமார்' படத்தில் ஒரு நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பாடியதைத்தான் வழக்கமாக முதலாவதாகச் சொல்வார்கள்.

'திரும்ப ஓடவிடுதல்' என்ற பொருளை நம் பக்கத்து மொழிகளும் எடுத்துக்கொள்ளவில்லை. இந்தியில் 'பார்ஷ்வ காயக்': பார்ஷ்வம் என்றால் பக்கம், விலா. கன்னடத்தில் 'ஹின்னெலெ', அதாவது பின்புலம். மலையாளத்தில் நம்முடைய அதே பின்னணி. எனக்கு மிகவும் பிடித்தது தெலுங்கு: 'நேபத்ய காயகுடு'. நேபத்யம் என்பது சமஸ்கிருத நாடகத்தில் திரைக்குப் பின்னால் உள்ள ஒப்பனை இடம். அங்கிருந்து எழும் குரலுக்கு 'நேபத்யே' என்றே நாடக ஏட்டில் குறிப்பு எழுதினார்கள். வங்காளியிலும் இச்சொல் உண்டு. ஆக, கருவி செய்யும் வேலையை விட்டுவிட்டு, பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதையே எல்லோரும் பெயராக வைத்திருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், உண்மையாகவே பின்னால் நின்றவர்கள் அதற்கு முந்தைய காலத்தவர்கள். நடிகரே பாடி நடித்த தொடக்கப் பேசும்படங்களில், கேமராவின் கண்ணுக்குப் படாமல் மரத்துக்கும் புதருக்கும் பின்னால் பக்கவாத்தியக்காரர்கள் ஒளிந்து வாசித்தார்கள். பின்னணிப் பாடகரோ தளத்துக்கே வர வேண்டியதில்லை.

தமிழிலேயே வேறு சொல் இல்லையா? தெருக்கூத்தில் 'பின்பாட்டு' உண்டு. ஆனால் 'அவர் சொல்வதற்கெல்லாம் இவர் பின்பாட்டுப் பாடுகிறார்' என்று வழக்கில் அதற்கு ஏளனம் ஏறிவிட்டது, டி. எம். சௌந்தரராஜனை அப்படி அழைக்க யாருக்கு நா எழும்? 'இரவல் குரல்' என்றும் சொல்வதுண்டு. நடந்தது என்ன என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் சொல் வேறில்லை. குறை, அது வாங்கியவரைச் சுட்டுகிறதே தவிர, கொடுத்தவரைச் சுட்டவில்லை. 1968இன் 'உயர்ந்த மனிதன்' பாட்டுக்காகப் பி. சுசீலா பெற்ற தேசிய விருதை 'சிறந்த இரவல் குரல்' என்று எழுதிப் பாருங்கள், தெரியும்.

எனவே பின்னணிப் பாடகர், பின்னணிப் பாடகி என்பவையே நிலைக்கட்டும். நடுவில் வரும் 'ப்' மட்டும் விடுபட வேண்டாம். ஒரு சங்கடம்: 'பேக்கிரவுண்ட்' என்பதற்கும் நாம் பின்னணி என்றே சொல்லிவிட்டோம். பின்னணி இசை என்பது காட்சிக்கு அடியில் ஓடுவது, பின்னணிப் பாட்டு காட்சியின் நடுவில் நிற்பது. இரண்டுக்கும் ஒரே அடைமொழி. வசனத்துக்குக் குரல் தருபவரையும் இதில் சேர்க்காமல் 'குரல் கொடுப்பவர்' என்றே விடலாம்.

கமல்ஹாசன் தன் படத்தில் தனக்காகத் தானே பாடும்போது என்ன சொல்வது? பாட்டு முன்பே பதிவாகித் தளத்தில் ஓடுகிறது, ஆகவே ஆங்கிலக் கணக்கில் அது பிளேபேக்தான். தமிழ்க் கணக்கில், பாடுகிறவர் முன்னணியிலேயே நிற்கிறார்.