நேராக எறிந்த வட்டு ஏன் இடப்பக்கம் சாய்கிறது?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், பாசடீனா நகரையொட்டிய ஓக் குரோவ் கவுண்டி பூங்காவில்தான் 1975-ஆம் ஆண்டு முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் களம் அமைக்கப்பட்டது. இன்று ஹஹமோங்னா என்று அழைக்கப்படும் அந்தப் பூங்காவில் களத்தை வடிவமைத்தவர், பறக்கும் தட்டான ஃபிரிஸ்பியைச் செம்மைப்படுத்திய எட் ஹெட்ரிக். கோல்ஃப் பந்துக்குப் பதிலாக வட்டு, குழிக்குப் பதிலாகக் கம்பத்தில் பொருத்திய கூடை. குறைவான எறிகளில் எல்லாக் கூடைகளையும் முடிப்பவருக்கே வெற்றி. குழி எதுவும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு கட்டத்தையும் இன்றும் 'ஹோல்' என்றே சொல்கிறார்கள்.

எளிய விளையாட்டாகத் தோன்றும் இதில், முதன்முதலாக எறிபவர்களுக்கு ஏறக்குறைய ஒரே அனுபவம்தான் வாய்க்கிறது. கூடையை நோக்கி நேராக எறிந்த வட்டு, பாதித் தொலைவு வரை சொன்னபடி கேட்டுவிட்டு, கடைசியில் இடப்பக்கம் சாய்ந்து மரத்தடியில் போய் விழுகிறது. கை தவறிவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் வட்டு இயற்பியலுக்குக் கீழ்ப்படிந்திருக்கிறது.

வட்டு முன்னேறும்போது காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அதன் எதிர்விளைவாக வட்டுக்குத் தூக்குவிசை கிடைக்கிறது. ஆனால் அந்த விசை சரியாக வட்டின் நடுவில் செயல்படுவதில்லை என்பதால், சுழலாத வட்டு காற்றில் உடனே புரண்டுவிடும். சுழற்சி தரும் கோண உந்தம்தான் அதை நிலையாக வைத்திருக்கிறது. அதே சுழற்சிதான் வட்டைத் திசைதிருப்பவும் செய்கிறது. பம்பரத்தை நினைத்துப் பாருங்கள்: வேகம் தளர்ந்த பம்பரம் சாய்ந்த பக்கமே விழுந்துவிடாமல், தலையை ஆட்டியபடி சுற்றி வருகிறது. சுழலும் பொருளைச் சாய்க்க முயன்றால், அது நாம் தள்ளிய பக்கம் சாயாமல், அதற்குச் செங்குத்தான பக்கம் சாயும்.

வலக்கைக்காரர் பேக்ஹேண்ட் முறையில், அதாவது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கமாக வீசி எறியும் வட்டு, மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளின் திசையில் சுழலும். வேகம் மிகுந்த தொடக்கத்தில் தூக்குவிசையின் மையம் வட்டின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருப்பதால், முன்விளிம்பைக் கீழே அழுத்தும் போக்கு ஏற்பட்டு, வட்டு லேசாக வலப்பக்கம் சாய்கிறது. வேகம் குறைந்து வட்டு தாழத் தொடங்கியதும் காற்று அடிப்பக்கத்தில் மோதும் கோணம் கூடுகிறது, விசை மையம் முன்னால் நகர்கிறது, முன்விளிம்பு எழ முயல்கிறது. சுழற்சி அந்த முயற்சியை இடப்பக்கச் சாய்வாக மாற்றிவிடுகிறது. இடக்கைக்காரருக்கு எல்லாமே தலைகீழ்.

ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர் கூடையைக் குறிவைப்பதில்லை. வட்டு கடைசியில் எங்கே சாயும் என்பதைக் கணித்து, அதற்கு முந்தைய பாதையைக் குறிவைக்கிறார். பாதை வலப்பக்கம் வளைந்தால், உள்ளங்கை முன்னோக்கியிருக்க உடலின் பக்கவாட்டிலிருந்து வீசி, சுழற்சியை எதிர்த்திசையாக்கும் ஃபோர்ஹேண்ட் வீச்சுக்கு மாறுகிறார். எதிர்க்காற்றில் வட்டு உணரும் காற்றுவேகம் கூடுவதால் வலப்பக்கச் சாய்வு மிகும். பின்காற்றிலோ வட்டு சீக்கிரமே இடப்பக்கம் இறங்கிவிடும்.

வட்டின் வடிவமும் இந்தக் கணக்கில் சேரும். 1983-இல் வட்டு வடிவமைப்பாளர் டேவ் டுனிபேஸ் சாய்வாகச் செதுக்கிய விளிம்புள்ள வட்டைக் கொண்டுவந்த பிறகே டிஸ்க் கோல்ஃப் வட்டு ஃபிரிஸ்பியிலிருந்து முழுமையாகப் பிரிந்தது என்பேன். கூரிய விளிம்பு காற்றின் தடையைக் குறைக்கிறது. விளிம்பில் குவிந்த எடை சுழற்சியை நீடிக்கச் செய்கிறது. விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராமுக்கு மேல் எடை கூடாது என்பது விதி; 21 செ.மீ. வட்டென்றால் ஏறத்தாழ 174 கிராம். வேகம், மிதப்பு, தொடக்கச் சாய்வு, இறுதிச் சாய்வு ஆகியவற்றை நான்கு எண்களாகப் பல வட்டுகளின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள்.

ஓக் குரோவில் முதலில் இலக்காக இருந்தவை வெறும் கம்பங்கள். பட்டதா, படவில்லையா என்ற வாக்குவாதத்துக்கு அங்கே எப்போதும் இடமிருந்தது. அதற்குத் தீர்வாகச் சங்கிலிகள் தொங்கும் கூடையை உருவாக்கி, 1977-இல் ஹெட்ரிக் காப்புரிமை பெற்றார். தளர்வாகத் தொங்கும் சங்கிலிகள் மோதலின் ஆற்றலைத் தாமே அசைந்து வாங்கிக்கொள்வதால், வட்டு எகிறித் தெறிக்காமல் கீழே உள்ள கூடைக்குள் விழுகிறது. மிகுந்த வேகத்தில் எறிந்தால் மட்டும் சங்கிலிகளுக்கிடையே புகுந்து மறுபுறம் வெளியேறிவிடும். கூடையின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்ட வட்டோ கணக்கில் சேராது; இறக்கி, இன்னொரு முறை எறியத்தான் வேண்டும்.