கூறுவெளி: சொல்லும் பொருளும்

ஒரு சமவாய்ப்புச் சோதனையில், அதாவது என்ன விளைவு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத சோதனையில், என்னென்ன விளைவுகள் வரக்கூடுமோ, அத்தனையையும் ஒன்றுவிடாமல் திரட்டிய கணத்துக்குக் கூறுவெளி என்று பெயர். நாணயத்தை ஒருமுறை சுண்டினால் அதில் தலை, பூ என இரண்டே உறுப்புகள். பகடையை உருட்டினால் ஆறு. ஒவ்வொரு உறுப்பும் ஒரு கூறுபுள்ளி. அந்தப் புள்ளிகளில் நமக்கு வேண்டியவற்றைத் தொகுத்தால் அந்த உட்கணம் நிகழ்ச்சி ஆகிறது. பகடையில் இரட்டைப்படை எண் விழுவது என்ற நிகழ்ச்சிக்குள் 2, 4, 6 ஆகிய மூன்று புள்ளிகள் இருக்கின்றன.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கூறுவெளி என்கின்றன, இலங்கைப் பாடநூல்கள் மாதிரிவெளி என்கின்றன. இரண்டும் ‘சாம்பிள் ஸ்பேஸ்’ என்ற ஆங்கிலத் தொடரின் தமிழாக்கங்கள். இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். சாம்பிள் என்றால் பெரிய தொகுதியிலிருந்து எடுத்த சிறு பகுதி. எல்லா விளைவுகளும் அடங்கிய முழுக் கணத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

பதில் புள்ளியியலில் இருக்கிறது. பத்துப் பேரின் உயரத்தை அளந்தால் பத்து எண்கள் கிடைக்கும். அவற்றைப் பத்துப் பரிமாண வெளியில் ஒரே புள்ளியாகக் குறிக்கலாம். வேறு பத்துப் பேரை எடுத்திருந்தால் வேறொரு புள்ளி. இப்படிக் கிடைக்கக்கூடிய எல்லா மாதிரிகளும் சேர்ந்த வெளிதான் சாம்பிள் ஸ்பேஸ். புள்ளியியல் அறிஞர்கள் யெர்சி நெய்மனும் ஈகான் பியர்சனும், ஓர் ஊகத்தைத் தரவுகளைக் கொண்டு சோதிக்கும் கருதுகோள் சோதனை பற்றி 1933இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்தப் பொருளில்தான் இதைப் பயன்படுத்தினார்கள். அப்புறம் வில்லியம் ஃபெல்லரின் நிகழ்தகவு நூல் 1950இல் வந்தது. நாணயம், பகடை, சீட்டுக்கட்டு என எல்லாச் சோதனைகளுக்கும் அவர் இந்தப் பெயரையே வைத்ததால் அது பாட அறைகளில் நிலைத்துவிட்டது.

கருத்து அதைவிடப் பழையது. கணித அறிஞர் ரிச்சர்ட் ஃபான் மீசஸ் 1919இலேயே ஜெர்மன் மொழியில் இதற்கு ‘பண்புகளின் வெளி’ என்று பொருள்படும் பெயரை வைத்திருந்தார். ரஷ்யக் கணித அறிஞர் கோல்மகோரவ் 1933இல் நிகழ்தகவுக்கு அடிக்கோள்கள், அதாவது அடிப்படை விதிகள், வகுத்தபோது, அடிப்படை நிகழ்ச்சிகளின் கணம் என்று நேராகவே சொன்னார். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கணித அறிஞர் கார்டானோ, பகடையில் வரக்கூடிய எல்லா விளைவுகளையும் சேர்த்து ‘சுற்று’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் குறித்தார். இரண்டு பகடைகளுக்குச் சுற்று 36 என்பது அவர் கணக்கு.

தமிழில் ‘கூறு’ என்றால் பங்கு, பிரித்த பகுதி. சந்தையில் தக்காளியைக் கூறு கூறாகப் பிரித்து வைத்திருப்பார்கள் அல்லவா? ஒரு பழம் இரண்டு கூறுகளில் இருக்க முடியாது, எல்லாப் பழமும் ஏதாவது ஒரு கூறில் இருந்தாக வேண்டும். கூறுவெளிக்கும் இதே இரண்டு நிபந்தனைகள்தான். விளைவுகள் ஒன்றோடொன்று மேற்படியக் கூடாது, எதுவும் விடுபடவும் கூடாது. ஆங்கிலச் சொல்லிலிருந்து பெயர்த்ததுதான் என்றாலும், தமிழ்ச் சொல் வரையறைக்குக் கூடுதல் நெருக்கமாக வந்து அமைந்துவிட்டது. அதனால்தான் மாதிரிவெளியைவிடக் கூறுவெளியே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அன்றாடப் பேச்சில் ‘அது மாதிரி’, ‘இது மாதிரி’ என்று சொல்லிச் சொல்லி, மாதிரி என்றதும் ஒப்புமைதான் முதலில் மனசுக்கு வருகிறது.

சரி, சொல்லைத் தெரிந்துகொண்டால் போதுமா? நிகழ்தகவில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை கூறுவெளியைச் சரியாக எழுதாததால் வருபவை. பெரிய மேதைகளும் இதற்கு விலக்கல்ல. பிரெஞ்சுக் கணித அறிஞர் டாலம்பேர், புகழ்பெற்ற பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்துக்கு 1754இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கைப் பேசுகிறார். நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ என்ன வாய்ப்பு? முதல் சுண்டலிலேயே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. ஆகவே தலை, பூ-தலை, பூ-பூ என மூன்றே நிலைகள், விடை 2/3 என்றார்.

அந்த மூன்றையும் கூறுவெளியாக எடுத்துக்கொள்வதில் பிழை இல்லை. அவை மேற்படியவில்லை, எதுவும் விடுபடவும் இல்லை. மூன்றுக்கும் சம வாய்ப்பு என்று கொண்டதுதான் பிழை. முதல் சுண்டலில் தலை விழும் வாய்ப்பு 1/2, மற்ற இரண்டுக்கும் தலா 1/4. தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என்று நான்காக எழுதினால் எல்லாப் புள்ளிகளும் சமமாகின்றன, விடை 3/4 என்று தெளிவாகத் தெரிகிறது. பாடநூல்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துபோவது எனக்குப் பெரிய குறையாகவே தோன்றுகிறது. ஒரே சோதனைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கூறுவெளிகள் இருக்கலாம். சாதகமான விளைவுகளை மொத்த விளைவுகளால் வகுக்கும் சூத்திரமோ, எல்லாப் புள்ளிகளுக்கும் சம வாய்ப்பு இருக்கும் வெளியில்தான் செல்லும். இதை அழுத்திச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கலிலியோவிடம் வந்த கேள்வியும் இதே வகை. மூன்று பகடைகளை உருட்டினால் கூட்டுத்தொகை 9 வருவதற்கு ஆறு வகைச் சேர்க்கைகள், 10 வருவதற்கும் ஆறு. ஆனாலும் 10 சற்று அடிக்கடி விழுவதாக ஆட்டக்காரர்கள் கவனித்திருந்தார்கள். பகடைகளை வேறுபடுத்தி எழுதினால் மொத்தம் 216 புள்ளிகள் என்று அவர் காட்டினார். 3-3-3 என்ற சேர்க்கை அதில் ஒரே ஒரு புள்ளி, 1-2-6 என்பதோ ஆறு புள்ளிகள். எல்லாவற்றையும் எண்ணினால் 9க்கு 25, 10க்கு 27.

கூறுவெளிக்கு முடிவு இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தலை விழும்வரை நாணயத்தைச் சுண்டினால் புள்ளிகள் முடிவிலி. ஒரு பல்பு எத்தனை மணி நேரம் எரியும் என்று அளந்தால் புள்ளிகளை வரிசைப்படுத்தி எண்ணவே முடியாது.

இலங்கைப் பாடநூலை எடுத்துப் படிப்பவர்கள் இன்னும் சில சொற்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். அங்கே சமவாய்ப்புச் சோதனை என்பது எழுமாற்றுப் பரிசோதனை, விளைவு என்பது பேறு. நிகழ்தகவு, நிகழ்ச்சி இரண்டும் இரு நாட்டிலும் ஒன்றே.