ஆள் ஏறினால் செயின் ஏன் இறுகுகிறது?

"பைக்கைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பார்த்தால் செயினில் நல்ல ஆட்டம் இருக்கிறது. நானும் மனைவியும் ஏறி உட்கார்ந்தால் கம்பி மாதிரி விறைத்துக்கொள்கிறது. இரும்பு சுருங்குமா என்ன?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இரும்பு சுருங்கவில்லை. ஆனால் செயினை லூஸாக வைப்பதா, டைட்டாக வைப்பதா என்று ஓயாமல் நடக்கும் சண்டைக்கு இந்தக் கேள்வியிலேயே தீர்ப்பு இருக்கிறது.

முன்னால் ஸ்ப்ராக்கெட் என்ற சின்னப் பற்சக்கரம், பின்னால் பெரிய ஸ்ப்ராக்கெட், இரண்டையும் சுற்றி ஒரு செயின். இதுவரை எல்லோருக்கும் தெரியும். பின்சக்கரம் வண்டியோடு நேரடியாகப் பிணைக்கப்படவில்லை என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். அது ஸ்விங் ஆர்ம் என்ற கவட்டையின் நுனியில் இருக்கிறது. மேடு பள்ளத்தில் அந்தக் கவட்டை மேலும் கீழும் ஆடும். அது ஆடுவதற்கான அச்சு, முன் ஸ்ப்ராக்கெட்டுக்குச் சற்றுப் பின்னால், தனியாக ஓர் இடத்தில் இருக்கிறது. ஆக, சக்கரம் ஒரு மையத்தை வைத்து வில் வரைகிறது. செயினோ இன்னொரு மையத்தில் மாட்டியிருக்கிறது. மையம் இரண்டு என்றால் சக்கரம் ஏறி இறங்கும்போது முன், பின் ஸ்ப்ராக்கெட்டுகளுக்கு இடையிலான தூரமும் மாறத்தான் செய்யும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் ஆக்ஸில் (பின்சக்கரம் சுழலும் அச்சுக்கம்பி) ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும் கணத்தில் அந்தத் தூரம் உச்சத்தில் இருக்கும். ஆள் ஏறும்போது வண்டி அமுங்கி அந்த நேர்கோட்டை நோக்கித்தான் போகிறது.

எவ்வளவு மாறும்? பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்த கொசைன் விதியை எடுங்கள். ஸ்விங் ஆர்ம் 500 மி.மீ. நீளம், அதன் அச்சு முன் ஸ்ப்ராக்கெட்டிலிருந்து 70 மி.மீ. பின்னால் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் நேர்கோட்டில் வந்தால் தூரம் 570 மி.மீ. ஸ்டாண்டில் நிற்கும்போது ஸ்விங் ஆர்ம் அந்தக் கோட்டிலிருந்து 8 டிகிரி கீழே தொங்கினால் 569.4 மி.மீ. வித்தியாசம் வெறும் 0.6. செயின் மேலே ஒரு ஓட்டம், கீழே ஒரு ஓட்டம் என்பதால் மொத்தம் 1.2 மி.மீ.

இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை, இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றியது. அப்புறம்தான் துணி காயப்போடும் கொடி நினைவுக்கு வந்தது. எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் ஓர் ஈரச் சட்டை விழுந்ததும் கொடி நடுவில் தொங்கிவிடும். கயிற்றின் நீளம் கொஞ்சம்தான் கூடியிருக்கும். தொங்கலோ கண்ணில் அறையும். காரணம், நடுவில் விலகும் தூரம் உபரி நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 500 மி.மீ. நீள ஓட்டத்தில் 1.2 மி.மீ. உபரி இருந்தால், நடுப்புள்ளி நேர்கோட்டிலிருந்து மேலே சுமார் 17, கீழே சுமார் 17 மி.மீ. போகும். மொத்த ஆட்டம் 35 மி.மீ. பல வண்டிகளின் ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் நாம் பார்க்கிற அளவும் ஏறக்குறைய இதுதான்! ஸ்டாண்டில் நாம் பார்ப்பது வெட்டித் தொய்வு இல்லை; சக்கரம் அமுங்கும்போது செலவாகப் போகும் கையிருப்பு.

கணக்கைத் திருப்பிப் போட்டால் கொஞ்சம் பயமாக இருக்கும். செயின் விறைப்பாக நின்றால்தான் அழகு என்று நினைத்து 10 மி.மீ. ஆட்டம் மட்டும் விட்டால், கையில் இருக்கும் உபரி நீளம் 0.1 மி.மீ. தேவைப்படுவதோ 1.2. பாக்கி எங்கிருந்து வரும்? செயின் தராது. கியர்பாக்ஸின் வெளிவரும் ஷாஃப்டையும் அதன் பேரிங்கையும், பின்சக்கர பேரிங்கையும் இழுத்துத்தான் வாங்கும், ஒவ்வொரு பள்ளத்திலும். இந்தப் புத்தி எனக்கும் தாமதமாகத்தான் வந்தது. என் முதல் வண்டியில் மாதாமாதம் நானே செயினைச் சுண்டச் சுண்ட டைட் வைத்தேன். முன் ஸ்ப்ராக்கெட் பக்கம் ஆயில் கசிய ஆரம்பித்தபோதும் ஆயிலைத் தடுக்கும் சீல் தரமில்லை என்றுதான் திட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மையங்களையும் ஒன்றாக்கிவிட்டால் தொல்லை தீராதா? தீரும், செய்தும் பார்த்திருக்கிறார்கள். பி.எம்.டபிள்யூ. ஜி 450 எக்ஸ் வண்டியில் ஸ்விங் ஆர்ம் அச்சும் முன் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே மையத்தில் இருந்தன. ஆனால் ஸ்ப்ராக்கெட்டை மாற்ற ஸ்விங் ஆர்மையே கழற்ற வேண்டியிருந்தது.

செயின் நாளாவட்டத்தில் நீள்வது வேறு கதை. ரப்பர் மாதிரி இரும்பு இழுபடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் காப்புரிமை பெற்ற புஷ் ரோலர் செயின்தான் இன்றும் நம் வண்டியில் ஓடுகிறது: நடுவில் 'பின்' என்ற குறுக்கு ஆணி, அதைச் சுற்றிப் 'புஷ்' என்ற குழல், அதற்கு மேல் ரோலர். பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்வதால்தான் நீளம் கூடுகிறது. 120 கண்ணி உள்ள செயினில் கண்ணிக்கு 0.05 மி.மீ. தேய்ந்தாலே 6 மி.மீ. ஆயிற்று.

எல்லாக் கண்ணியும் ஒரே மாதிரி தேய்ந்தால் பரவாயில்லை, தேயாது. சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஓரிடத்தில் செயின் டைட்டாகவும் இன்னோரிடத்தில் லூஸாகவும் இருக்கும். இங்கே எனக்கு மிகப் பிடித்த ஒரு துப்பறியும் வேலை உண்டு. டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, டைட்டான இடம் எத்தனை சுற்றுக்கு ஒருமுறை வருகிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கோடு அதே இடத்துக்கு வரும்போது டைட் ஆனால், குற்றவாளி பின் ஸ்ப்ராக்கெட்; அது மையம் விலகிச் சுற்றுகிறது. செயினில் 120 கண்ணி, ஸ்ப்ராக்கெட்டில் 42 பல் என்றால் செயின் ஒருமுறை முழுதாகச் சுற்றிவரச் சக்கரம் 2.86 சுற்று சுற்ற வேண்டும். மூன்று சுற்று முடியச் சற்று முன்பு டைட் வந்தால் பழி செயின்மேல். எப்படியானாலும் ஆட்டத்தை அளக்க வேண்டியது அந்த மிக டைட்டான இடத்தில்தான். லூஸான இடத்தில் அளந்து சரிசெய்தால் டைட்டான இடம் பேரிங்கைத் தின்னும். இதையெல்லாம் இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்துக் கையால் சுற்றித்தான் பார்க்க வேண்டும். ஓடும் செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் துணி மாட்டினால் விரலும் கூடவே போகும்.

அடுத்து அலைன்மென்ட், அதாவது பின்சக்கரம் நேராக நிற்கிறதா என்பது. ஸ்விங் ஆர்மின் இரு பக்கமும் பொறித்திருக்கும் கோடுகளை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்சக்கரத்தைப் பின்னால் இழுக்கும் அட்ஜஸ்டர் போல்ட் 8 மி.மீ. என்றால் அதன் வழக்கமான மரைக்கு ஒரு சுற்று 1.25 மி.மீ. ஸ்விங் ஆர்மின் இரு கைகளுக்கும் இடையே 200 மி.மீ. என்று வையுங்கள். ஒரு பக்கம் ஒரே ஒரு சுற்று கூடிப்போனால், பின்சக்கரம் பார்க்கும் திசை 1,300 மி.மீ. தள்ளியிருக்கும் முன்சக்கரத்தை எட்டும்போது 8 மி.மீ. விலகியிருக்கும். செயினும் ஸ்ப்ராக்கெட்டில் கோணலாக ஏறும். பின் ஸ்ப்ராக்கெட் பற்களின் ஒரு பக்கக் கன்னம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் அதுதான் சாட்சி. நம்பகமான வழி, ஸ்விங் ஆர்ம் அச்சின் நடுவிலிருந்து ஆக்ஸில் நடுவரை இரு பக்கமும் டேப் வைத்து அளப்பது. பிறகு பின்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு செயினின் மேல் ஓட்டத்தைப் பாருங்கள். வளைவு தெரிந்தால் சக்கரம் கோணல்.

எல்லாம் சரியாக வைத்துவிட்டு ஆக்ஸில் நட்டை முறுக்கும்போது சக்கரம் மெல்ல நகர்ந்து உழைப்பைக் கெடுப்பதும் உண்டு. முறுக்கியபின் இன்னொரு தடவை அளக்கச் சோம்பல்படக் கூடாது. டிரம் பிரேக் வண்டியில் சக்கரம் பின்னால் போனால் பிரேக் ராடும் இழுபடும். பெடலின் ஆட்டத்தையும் சரிபார்த்துவிடுங்கள்.

வாசகருக்கு வருகிறேன். நீங்கள் இருவரும் உட்கார்ந்திருக்க, இன்னொருவரை விட்டுச் செயினின் கீழ் ஓட்டத்தை ஒரு குச்சியால் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்சமாவது ஆடினால் கைவைக்க வேண்டாம். ஆடவே இல்லையென்றால் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, இரு பக்க அட்ஜஸ்டரையும் சம அளவு தளர்த்துங்கள். அட்ஜஸ்டருக்குச் சக்கரத்தைப் பின்னால் இழுக்கத்தான் தெரியும். முன்னால் தள்ளத் தெரியாது. டயரின் பின்பக்கத்தில் காலால் ஒரு தட்டு தட்டினால் சக்கரம் முன்னால் போய் உட்காரும்.