மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தாலும் வரி பாக்கி போகாது

"ஐ.பி. போட்டு டிஸ்சார்ஜும் வாங்கியாச்சு, இப்ப எதுக்கு மேடம் ஜிஎஸ்டி ஆபீஸ்ல இருந்து என் பேங்க் கணக்கை முடக்குறாங்க?"

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த ஒரு ஜவுளிக்காரர் கேட்டது இது. ஐ.பி. என்றால் திவால் மனு, டிஸ்சார்ஜ் என்றால் கடனிலிருந்து விடுவித்து நீதிமன்றம் தரும் உத்தரவு. அவர் முதல் ஆள் இல்லை. ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று இந்தப் பக்கத்துச் சிறு வியாபாரிகளுக்குத் திவால் வழக்கு நடத்தும் எனக்கு இதே கேள்வி வேறு வேறு வாயிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எல்லாம் முடிந்த பிறகுதான் வருகிறார்கள் என்பதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

திவால் மனு வரிக்கடனை அழிக்காது. சென்னைக்குள் தனிநபர் திவாலுக்கு இன்றைக்கும் 1909-ஆம் ஆண்டின் பிரசிடென்சி டவுன்ஸ் இன்சால்வென்சி சட்டம்தான். மனுவை உயர் நீதிமன்றத்தில் போடுகிறோம், திவாலானவர் என்று உத்தரவு வந்ததும் சொத்து அஃபிஷியல் அசைனி என்ற நீதிமன்ற அதிகாரி கைக்குப் போகிறது, அவர் விற்றுப் பங்கு போடுகிறார், கடைசியில் நீதிமன்றம் டிஸ்சார்ஜ் கொடுக்கிறது. இந்தச் சட்டத்தின் 45-ஆம் பிரிவை யாரும் படிப்பதில்லை. டிஸ்சார்ஜ் உத்தரவு எந்தெந்தக் கடனிலிருந்து விடுவிக்காது என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. மோசடி செய்து வாங்கிய கடன், ஜீவனாம்சம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் முதலில் இருப்பது அரசுக்குச் சேர வேண்டிய கடன். வருமான வரி, ஜிஎஸ்டி, பழைய வாட் பாக்கி எதுவானாலும் அதில்தான் அடங்கும்.

இதைச் சொன்னால் உடனே, "இல்ல மேடம், அரசாங்கம்தான் கடைசியாம், மத்தவங்களுக்குக் கொடுத்து மிச்சம் இருந்தாத்தான் வரியாம், யூடியூப்ல சொன்னாங்க" என்கிறார்கள். அந்த வீடியோ பேசுவது 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தைப் பற்றி. கம்பெனியைக் கலைக்கும்போது அந்தச் சட்டத்தில் அரசு பாக்கி கீழ் வரிசைக்குப் போவது உண்மைதான். அது கம்பெனிக்கு! அந்தச் சட்டத்தில் தனிநபர்களுக்கும் ஒரு பகுதி இருக்கிறது, ஆனால் 1 டிசம்பர் 2019 முதல் அமலுக்கு வந்தது கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான். அவர்கள் கதை வேறு, அது கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும். நீங்கள் அந்த ஆள் இல்லை. கடை போர்டில் 'அண்ட் கோ' என்று எழுதியிருப்பதால் உங்கள் கடை கம்பெனி ஆகிவிடாது. ஜிஎஸ்டி பதிவில் புரொப்ரைட்டர் (தனி உரிமையாளர்) என்று உங்கள் பெயர் இருந்தால் கடைக்கடன் முழுக்க உங்கள் சொந்தக் கடன், அதில் வரியும் சேர்த்தி. நாலு பேர் சேர்ந்து நடத்திய பார்ட்னர்ஷிப்பும் கம்பெனி இல்லை. தயவுசெய்து இதை ஒரு தடவை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்த ஒரு குழப்பத்தால் வரித்துறையின் பெயரையே கடன் பட்டியலில் எழுதாமல் விடுகிறார்கள்.

அந்த ஜவுளிக்காரர் செய்ததும் அதுதான். வேறொருவர் மூலம் மனு போட்டபோது, வரித்துறையைச் சேர்த்தால் வம்பு என்று விட்டுவிட்டார். தண்டையார்பேட்டையில் இருந்த அவருடைய சின்ன குடோனை அஃபிஷியல் அசைனி விற்றார், பணம் மொத்தமும் துணி கொடுத்த வியாபாரிகளுக்கும் கைமாற்றுக் கொடுத்தவர்களுக்கும் பங்காகப் போனது. வரித்துறையைச் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? அதே சட்டத்தின் 49-ஆம் பிரிவுப்படி, செலவு போக முதல் வரிசையில் நிற்பது அரசு பாக்கியும் மாநகராட்சி பாக்கியும். (அதே வரிசையில் குமாஸ்தா சம்பளம் 300 ரூபாய் வரை, கூலியாள் சம்பளம் 100 ரூபாய் வரை. 1909-இல் எழுதிய தொகை, இன்னும் யாரும் மாற்றவில்லை. வேலை பார்த்தவர்களுக்கு இது பெரிய அநியாயம்.) ஆக குடோன் பணத்தில் முதலில் வரிதான் கழிந்திருக்கும். துணி வியாபாரிகளுக்குக் குறைந்திருக்கும், ஆனால் அந்தக் கடன் டிஸ்சார்ஜில் எப்படியும் போயிருக்கும். போகவே போகாத கடனுக்குப் பணம் சேராமல், எப்படியும் போகிற கடனுக்கெல்லாம் சொத்தைக் கொடுத்துவிட்டு, வரியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கு இதைப் புரியவைக்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

அதனால் பட்டியலில் முதல் பெயராக வரித்துறையை எழுதுங்கள். 'வருமான வரித் துறை, சென்னை' என்று மொட்டையாக எழுதாமல் எந்த வார்டு அதிகாரி, ஜிஎஸ்டி என்றால் மாநில அலுவலகமா மத்திய அலுவலகமா என்று பார்த்து எழுதுங்கள். நோட்டீஸ் தப்பான மேசைக்குப் போனால் அவர்கள் அஃபிஷியல் அசைனியிடம் கடனை நிரூபிக்க வரமாட்டார்கள், நஷ்டம் உங்களுக்கு. வீடு வங்கியில் அடமானத்தில் இருந்தால் அந்த வங்கிக்கு ஈட்டின் மேல் தனி உரிமை உண்டு, அதைத் தனியாகப் பேச வேண்டும்.

அடுத்தது, பாக்கித் தொகையே சரியா என்று பார்ப்பது. கடையை மூடியதும் ஜிஎஸ்டி ரிட்டர்ன், அதாவது வரிக் கணக்கு, போடுவதை நிறுத்திவிடுகிறார்கள், பதிவு மட்டும் உயிரோடு இருக்கும். வியாபாரமே இல்லாத மாதங்களுக்கும் அதிகாரி தன் மதிப்பீட்டில் ஒரு தொகை போட்டு உத்தரவு போடுவார். அந்த உத்தரவு கிடைத்த 60 நாளுக்குள் சரியான ரிட்டர்னைப் போட்டால் அது தானாக வாபஸ் ஆனதாகச் சட்டம் சொல்கிறது, வட்டியும் தாமதக் கட்டணமும் மட்டும் நிற்கும். யார் பார்க்கிறார்கள்? போர்ட்டல் பாஸ்வேர்டு பழைய கணக்குப்பிள்ளையின் போனில் இருக்கும், அவர் திருவள்ளூரில் வேறு வேலைக்குப் போயிருப்பார். மொபைல் நம்பரை இன்றைக்கே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பதிவை ரத்து செய்தால் மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் ஜிஎஸ்டிஆர்-10 போட வேண்டும், ரத்து செய்ததால் பழைய பாக்கியும் ரத்தாகாது. மற்ற உத்தரவுகளுக்கு ஜிஎஸ்டியில் மேல்முறையீட்டுக் கெடு மூன்று மாதம், தகுந்த காரணம் காட்டினால் மேலும் ஒரு மாதம், அதற்கு மேல் தாமதத்தை மேல்முறையீட்டு அதிகாரியால் மன்னிக்க முடியாது. திவால் மனு போட்டுவிட்டோமே என்று இந்தக் கெடுவைக் கோட்டைவிட்டால் தப்பான தொகையே நிரந்தரக் கடனாகிவிடும்.

வீட்டை மனைவி பெயருக்கோ மச்சான் பெயருக்கோ செட்டில்மென்ட் எழுதிவைக்காதீர்கள். திவாலாவதற்கு முன் இரண்டு வருஷத்துக்குள் சும்மா எழுதிக்கொடுத்த பத்திரத்தை அஃபிஷியல் அசைனி செல்லாது என்று ஆக்க முடியும். வரி நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது எழுதினால் வருமான வரிச் சட்டமும் ஜிஎஸ்டி சட்டமும் தனித்தனியாகப் பிடிக்கும். அந்த அம்மாவும் கோர்ட் படி ஏற வேண்டிவரும்.

தண்டல்காரர் வாசலில் நின்று கத்துகிறார், அதனால் அவருக்குத்தான் முதலில் கட்டுகிறீர்கள், வரித்துறை கத்தாது என்பதால் விட்டுவிடுகிறீர்கள். அவமானம் எனக்குப் புரிகிறது. ஆனால் மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்தில் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிக் கொடுத்த பணத்தையும் அஃபிஷியல் அசைனி திருப்பிக் கேட்க முடியும், அப்புறம் அந்தத் தண்டல்காரர் மறுபடி உங்கள் வாசலுக்குத்தான் வருவார். மிரட்டினால் போலீசில் புகார் கொடுங்கள், நானும் கூட வருகிறேன்.

பார்ட்னர்ஷிப்பை விட்டு விலகியவர்களுக்கு ஒன்று. விலகிய ஒரு மாதத்துக்குள் ஜிஎஸ்டி கமிஷனருக்கு எழுத்தில் தெரிவிக்காவிட்டால், தெரிவிக்கும் நாள் வரை நிறுவனத்தின் வரிக்கு நீங்களும் பொறுப்பு. உங்களுக்குள் எழுதிக்கொண்ட பேப்பர் அந்த அலுவலகத்தில் செல்லாது.

இனி மனு போட நினைப்பவர்கள் எந்த வக்கீலிடம் போனாலும் சரி, வந்த நோட்டீஸ் அத்தனையையும் கவரோடு எடுத்துப் போங்கள். பயத்தில் பிரிக்காமல் பீரோவில் போட்டு வைத்திருக்கும் கவரையும் சேர்த்துத்தான். கெடுவை எண்ணும்போது அதன் மேல் இருக்கும் தபால் முத்திரைத் தேதி தேவைப்படும்.